மாமனார் பிடித்த கடைசிச் சுருட்டு

சுருட்டைப் பற்றி ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட் பிடிப்பவன் சும்மா சிகரெட் பிடிக்கிறான், அவ்வளவுதான். சுருட்டுப் பிடிப்பவனோ தன்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துக்கொள்கிறான். அது வாயில் இருக்கும்வரை அவனுக்கு மேலதிகாரியும் கிடையாது, கவலையும் கிடையாது. அந்த நேரத்தில் அவன் எடுக்கிற முடிவு ஒன்றுகூட உருப்படாது.

நானும் அப்படி ஒரு முடிவு எடுத்தேன். செத்துப்போன ஒருவருக்குப் படைத்த சுருட்டை, அவருடைய இலைக்கு முன்னாலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து பாதிவரை பிடித்தேன். அதுவும் அவர் மகளைப் பெண் கேட்டுப் போன இடத்தில். "படையலைப் பார்த்தால் படையல் என்று தெரியாதா, நீயெல்லாம் ஒரு தமிழனா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அறுபது வருடமாக எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, எப்படியோ பள்ளிக்கூடத்தை முடித்து, மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி வேலையில், அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் தங்கவேலு. காஜா பேராங் செட்டிக் கம்பத்துக்காரன் (கம்பம் என்றால் இங்கே கிராமம்). மலாக்காச் செட்டி என்றவுடன் வட்டிக்கடை நினைவுக்கு வரவேண்டாம். இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். விபூதி பூசுவார்கள், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். வேலுவுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு அவன் பேசும் மலாய் அரைகுறை. இருந்தாலும் எங்கள் இருவருக்கும் பேச்சுக்குப் பஞ்சமே வந்ததில்லை. (அவன் வீட்டார் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித் தருகிறேன். அது கொஞ்சம் என் பக்கம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த கையோடு எங்கள் துரை கப்பல் ஏறினார். போகும்போது அவர் மேசையைக் காலி செய்து கொடுத்தது வேலு. அதற்குப் பரிசாக ஒரு மரப்பெட்டியை நீட்டினார். திறந்தால் இருபது சுருட்டு. சந்தையில் கிடைக்கிற நாட்டுச் சுருட்டு இல்லை, அசல் ஹவானா. ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்க நிறத்தில் காகித மோதிரம். பெட்டியைத் திறந்தாலே அலுவலகம் முழுக்க மணக்கும். வேலு அதை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. நேராக என்னிடம் வந்து, "மாணிக்கம், சனிக்கிழமைக்கு ஒண்ணு. ஆளுக்குப் பாதி. சரியா?" என்றான். அப்படிப்பட்ட நண்பன் எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெங்கேரா கடற்கரைக்குப் போவோம். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்று இருக்கும், அதன்மேல் உட்காருவோம். வேலு அலுவலக அளவுகோலால் சுருட்டை அளந்து நடுவில் பென்சிலால் கோடு போடுவான். கோடுவரை ஒருவன், கோட்டுக்குப் பிறகு மற்றவன். முதல் பாதி மிருதுவாக இருக்கும், பின் பாதி தலையைச் சுற்றவைக்கும். அதனால் முதல் பாதி யாருக்கு என்பதில் வாராவாரம் ஒரு சண்டை. நுனியைக் கத்தியால் வெட்டவேண்டும் என்பது வேலுவின் கட்சி. நான் பல்லால் கடித்துத் துப்புவேன், அதுதான் ஆண்மை என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "உன் வாயில இருந்து வர்ற சுருட்டு எலி கடிச்ச மாதிரி இருக்கு லா" என்று அவன் முகம் சுளிப்பான், ஆனால் வாங்கிப் பிடிப்பான்.

சுதந்திரம் கிடைத்த புதிது. நாடே எங்கள் இருவரை நம்பித்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. முதல் பாதி சுருட்டில் அவன் துறைமுகத்தைச் சீர்திருத்துவான், இரண்டாவது பாதியில் நான் தோட்டங்களைச் சீர்திருத்துவேன். சுருட்டு முடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்யத் தெரியாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். எவ்வளவோ நல்ல நாட்களைப் பார்த்துவிட்டேன், அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஈடாக எதுவும் இல்லை.

அப்படித் தள்ளிக்கொண்டு போன ஒரு நாளில்தான் வேலு வீட்டில் அவன் தங்கை மீனாவைப் பார்த்தேன். காப்பிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாட்டுக் கடைக்குத் தீ வச்சிட்டு வந்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான், ஆள் காலி. அதற்குப் பிறகு வாராவாரம் வேலுவின் சைக்கிளுக்கு ஏதாவது பழுது வரும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

மீனாவுக்கும் சம்மதம் என்று தெரிந்தது. தடை அவள் அம்மா. எல்லோரும் அவரை மக் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சாரோங்கும் கெபாயா ரவிக்கையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். கணவர் போய் எட்டு வருடம். பெண்ணைக் கம்பத்துக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பையனுக்குக் கொடுத்தால் குடும்ப வழக்கமெல்லாம் தன்னோடு நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். வேலு எனக்காகப் பேசினான். மக் யோசித்துவிட்டு, "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றாராம்.

செத்தவரை எப்படிக் கேட்பது? நாசூக்காகத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பத்தொன்பதாவது சுருட்டை முடித்த சனிக்கிழமை வேலு சொன்னான்: "திங்கட்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. மக் பதில் சொல்லுவாங்க. ஆறு மணிக்கு முன்னால வராத, வீட்ல பர்ச்சு."

"பர்ச்சுன்னா?"

"சாமி கும்புடுறது லா. போகிக்கு எங்க வீட்ல செய்யிறது."

"அந்தக் கடைசிச் சுருட்டு?"

"அது ஒரு முக்கியமான ஆளுக்கு. மக் கேட்டு வாங்கிட்டாங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை வருகிற நாளில் அந்த வீட்டில் மாப்பிள்ளையைவிட முக்கியமான ஆள் யார்? நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். வெள்ளைக் கால்சட்டை, மெருகேற்றிய சப்பாத்து, தலையில் அரை டப்பா பிரில்கிரீம். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கா போவது? முந்திப் போனால்தானே ஆர்வம் தெரியும். நாலரை மணிக்கே காஜா பேராங்கில் இறங்கிவிட்டேன். கம்பத்தில் ஒரு குஞ்சுகூட வெளியே இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. வேலு வீட்டுக் கதவையும் தட்டினேன், பதில் இல்லை. மெல்லத் தள்ளினேன், திறந்துகொண்டது.

உள்ளே பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடம் முழுக்கப் பாய் விரித்து வரிசையாக வாழை இலை போட்டிருந்தார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீன், கோழி, சம்பல், கலர் கலராகப் பலகாரம். சாம்பிராணிப் புகை. ஆள் நடமாட்டமே இல்லை. நடுவில் இருந்த பெரிய இலைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் பிராந்தி, பித்தளைச் சாம்பல் தட்டு, தீப்பெட்டி, தட்டின்மேல் நம் ஹவானா. இருபதாவது.

எங்கள் தோட்டத்தில் போகி என்றால் கிழிந்த பாயைக் கொளுத்துவதோடு சரி. செத்தவர்களுக்குப் படைப்பது அமாவாசைக்குத்தான், அதுவும் ஒற்றை இலை, படத்துக்கு முன்னால். இங்கே படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. (இருந்தது. சுருட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தெரியவில்லை.) முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்தான். ஆனால் அது நாட்டுச் சுருட்டு. ஹவானாவை யாராவது ஆவிக்கு வைப்பார்களா? ஆக, இது மாப்பிள்ளைக்கு விருந்து. மாப்பிள்ளை கூச்சப்படாமல் உட்காரட்டும் என்று வீட்டார் மறைவாக ஒதுங்கியிருக்கிறார்கள். செட்டிக் கம்பத்து மரியாதையே தனி என்று மெச்சிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெரிய இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வீட்டுக்காரர் வராமல் சாப்பிட நான் என்ன நாகரிகம் தெரியாதவனா? ஆனால் சுருட்டு வேறு விஷயம். மக் உள்ளே வரும்போது நான் எப்படிக் காட்சி தரவேண்டும்? தலையைச் சொறிந்துகொண்டிருக்கிற கிராணியாகவா, ஹவானாவும் கையுமாக இருக்கிற கனவானாகவா? நுனியைக் கடித்தேன், பற்றவைத்தேன். பென்சில் கோடு இல்லாத முதல் சுருட்டு. ராஜா மாதிரி இழுத்தேன்.

பாதி வந்திருப்பேன். பின்கட்டிலிருந்து மக்கின் குரல் கேட்டது.

"சாப்பிட்டு முடிச்சிருப்பாங்களா?"

வேலுவின் குரல்: "இன்னும் அஞ்சு நிமிசம் விடுங்க மக். அப்பா மெதுவாத்தானே சாப்பிடுவாரு."

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட படத்திலிருந்து, கோட்டு போட்ட ஒரு மனிதர், கையில் சுருட்டோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடலாம் என்று எழுந்தால் சப்பணம் போட்டிருந்த கால் மரத்துப்போய் மடங்கியது. சுருட்டைத் தட்டில் வைத்தேன். பின் கதவை மூன்று தடவை தட்டும் சத்தம். செத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காத்திருந்து, உள்ளே வருகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வருவது அந்த வீட்டு முறையாம். வாசலுக்குப் போக நேரமில்லை. சுவரோரம் ஒரு நீள மரப்பெஞ்சு, தரைவரை துணி தொங்கியது. அதற்கு அடியில் உருண்டு நுழைந்தேன்.

கதவு திறந்தது. இலைக்குப் பக்கத்தில் சுருட்டு தானாகப் புகைந்துகொண்டிருக்கிறது. பாதி தீர்ந்திருக்கிறது. கூடம் முழுக்கப் புகை. வேலுவின் பெரியப்பா "தம்பி" என்று கத்திக்கொண்டே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். மக் தூணைப் பிடித்துக்கொண்டார்.

வேலு மட்டும் குனிந்து சுருட்டின் நுனியைப் பார்த்தான். எலி கடித்த நுனி. கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு ஒன்றுமே நடக்காதவன் போல நடந்து வந்து, எனக்கு நேர் மேலே பெஞ்சில் உட்கார்ந்து, குதிகாலால் என் விரலை உள்ளே தள்ளினான். நண்பன் என்றால் அவன்.

"சம்மதம்தான் மக்" என்றான், குரல் நடுங்க. (சிரிப்பை அடக்கினால் குரல் அப்படித்தான் நடுங்கும்.) "அப்பா வந்துட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஆமாம், வேறு என்ன வேண்டும்? நான் அசையாமல் கிடந்தால் போதும், மீனா எனக்கு. ஆனால் மக் வேறு நினைத்தார். "எல்லாரும் வெளிய போங்க. நான் அவர்கிட்ட பேசணும்" என்றார். வேலு பெஞ்சைவிட்டு எழவே இல்லை. "நீயும்தான்" என்று அதட்டினார். போனான்.

மக் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். துணியின் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

"வந்துட்டீங்களா? எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. நான் கிணத்தடியில நின்னுட்டிருந்தேனே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" கெபாயா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையன் நல்லவனா? எனக்குப் பயமா இருக்குங்க. குடுத்துரலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார்.

ஒரு "ம்" போதும். அடித்தொண்டையில் ஒரே ஒரு "ம்". கல்யாணம் முடிந்தது. வாயைத் திறந்துகூட விட்டேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடமாகப் பேசக் காத்திருந்த முகம். சத்தம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நான் பெரிய யோக்கியன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் மாமனாராக இருக்க என்னால் முடியவில்லை.

ஒட்டடையும் பிரில்கிரீமும் கலந்த தலையோடு பெஞ்சுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன்.

மக் கத்தவில்லை. "நீயா" என்றார்.

"நான்தான் மக். சுருட்டும் நான்தான்."

இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோத்துல கை வச்சியா?"

"இல்ல மக். சுருட்டு மட்டும்தான்."

"போ" என்றார்.

போவதற்குள் பெரியப்பா குடையோடு வந்துவிட்டார். முதல் அடி தோளில், இரண்டாவது வாசற்படியில். மற்ற வீடுகளிலும் பர்ச்சு முடிந்து, கம்பமே அப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றது. அத்தனை பேர் முன்னிலையிலும் வெறுங்காலோடு காஜா பேராங் சாலையில் ஓடினேன். சப்பாத்து உள்ளேயே இருந்துவிட்டது. மீனா ஜன்னலில் நின்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று திரும்பிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

வேலு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒன்பதாம் நாள் காகிதத்தில் சுற்றிய என் சப்பாத்தை மேசைமேல் டொம்மென்று வைத்தான்.

"உன்னைக் காப்பாத்தத்தானே மேல உட்கார்ந்தேன்? எதுக்கு வெளிய வந்த?"

"முடியலடா வேலு."

"அதுகூடப் போகுது. கடைசிச் சுருட்டு லா அது. ஒத்தையா உட்கார்ந்து பிடிச்சிட்டியே. எனக்குப் பாதி வைக்கணும்னு தோணுச்சா?"

"பாதி வச்சேனே. உங்கப்பா தட்டுல."

வேலு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தப் பாதியை மக் எடுத்துப் பத்திரமா வச்சிருக்காங்க. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அன்று நான் முன்னால் நடக்கவில்லை, வேலுவின் முதுகுக்குப் பின்னால்தான் போனேன். மக் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவும் இருந்தார், குடையும் இருந்தது.

"என் தம்பி உயிரோட இருந்திருந்தா இவனை வெட்டியிருப்பான்" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

மக் அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்: "பெஞ்சுக்கு அடியில இருந்தப்ப நான் ஒண்ணு கேட்டேன். நீ ஏன் பதில் சொல்லல? சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

மனச்சாட்சி, நேர்மை என்று நல்ல வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன் மக். சத்தம் வரல."

மக் சிரித்தார். அதற்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு நின்று, அந்தப் படத்தைப் பார்த்தார்.

"எட்டு வருசமா அந்தத் தட்டுல சுருட்டு வைக்கிறேன் தம்பி. வச்சது வச்சபடியே இருக்கும். கதவைத் திறந்தா சாம்பிராணி வாசம்தான் வரும். அன்னிக்குக் கதவைத் திறந்தப்ப இந்த வீட்ல அவர் வாசம் வந்துச்சு. உயிரோட இருந்தப்ப சாயங்காலம் வருமே, அதே வாசம்." எழுந்து படத்து மாலையைச் சரிசெய்தார். "நீதான்னு தெரிஞ்சப்புறமும் அது போகல. மூணு நாள் இருந்துச்சு."

பெரியப்பா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போ. ஆனா ஒவ்வொரு பர்ச்சுக்கும் இங்க வரணும். அவர் சுருட்டை நீதான் வாங்கணும், நீதான் பத்த வைக்கணும். நாலு இழுப்பு இழுத்துட்டு வச்சிட்டு வந்திரு. சோத்துல கை வைக்காத."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. செட்டிக் கம்பத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகள் உண்டு, செத்தவர்களோடு கூடத்தில் உட்காருகிற உரிமை பெற்ற மாப்பிள்ளை நான் ஒருவன்தான். சில வருடம் கழித்து, பத்த வைக்க ஒரு ஆள் போதாது, காற்று அடிக்கிறது என்று ஒரு காரணத்தைச் சொல்லி வேலுவும் உள்ளே நுழைந்துவிட்டான். மக் சரி என்றார். இப்போது மக்கும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அவர்களுக்கும் இலை போடுகிறோம். பெரியப்பாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு குடை வைக்கவேண்டும் என்று என் பிள்ளைகள் வருடா வருடம் கேலி செய்கிறார்கள்.

எனக்கும் வேலுவுக்கும் எண்பது தாண்டிவிட்டது. டாக்டர் சுருட்டு கூடாது என்கிறார். வருடத்தில் ஒரு நாள் மாமனாருக்காகத்தானே பிடிக்கிறோம், நமக்காக இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நாலு இழுப்பு என்பது ஆளுக்கு நாலாகி, எட்டாகி, இப்போது எண்ணுவதே இல்லை. குடும்பம் முழுக்கக் கிணற்றடியில் காத்துக் கிடக்கும். உள்ளே நாங்கள் துறைமுகத்தையும் தோட்டத்தையும் சீர்திருத்திக்கொண்டிருப்போம்.

போன போகிக்கும் அப்படித்தான். வெகுநேரம் கழித்து மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டு, மீனா தலையை நீட்டினாள். புகைக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டு பேரும் வருசா வருசம் திரும்பி வெளிய வர்றீங்க?" என்றாள். "பேசாம உள்ளேயே இருங்க. இன்னும் ரெண்டு இலை சேர்த்துப் போட்டுடறேன்."